தம்பிக்கு வந்த பட்டம்

லுவார் நதியின் வடகரையில் இருக்கிறது ஓர்லியான் நகரம். அதன் நடுவே மார்ட்ருவா சதுக்கம். காலை வேளையில் அங்கே ஓரமாக உட்கார்ந்தால் ஊரே நம்மைக் கடந்து போகும். ரயில் நிலையத்திலிருந்து வரும் டிராம் மணியடித்துக்கொண்டு சதுக்கத்தைத் தொட்டு, ருவாயால் தெரு வழியாக ஆற்றுப் பாலத்தை நோக்கி இறங்குகிறது. கடைக்காரர்கள் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போடுகிறார்கள். சதுக்கத்தின் நடுவில் உயரமான பீடம். அதன்மேல் வெண்கலக் குதிரை. குதிரைமேல் கவசம் பூண்ட பெண். சிற்பி ஃபுவாத்தியே செய்த இந்தச் சிலை 1855ல் இங்கே வந்தது. வீரர் சிலைகளில் வாள் மேலே ஓங்கியிருப்பதுதான் வழக்கம். இவளுடைய வாள் கீழே தாழ்ந்திருக்கிறது. சண்டை முடிந்து கடவுளுக்கு நன்றி சொல்லும் நேரம் அது.

ஜோன் ஆஃப் ஆர்க். படிப்பறியாத உழவர் வீட்டுப் பெண். 1428 அக்டோபரில் இந்த ஊரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். 1429 மே 8ஆம் நாள் அந்த முற்றுகை உடைந்தது. அந்த வெற்றிக்கு முன்னின்றவள் இவள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஊர்ப்பெண் ஒருத்தி கவசம் அணிந்து குதிரையேறித் தெருக்களில் வருகிறாள். சனம் இரு பக்கமும் நின்று கையசைக்கிறது.

இந்த ஊருக்கு ஒரு தலைவர் இருந்தார். ஊரின் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்டவர், ஓர்லியான் டியூக். முற்றுகை நடந்த மாதங்களில் அவர் எங்கே இருந்தார் என்று தேடினால் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் இருக்கிறார், கைதியாக, பதினான்காவது ஆண்டாக. ஊரைக் காத்து நின்ற படைக்குத் தலைமை தாங்கியவர் அவருடைய தந்தைக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த தம்பி ஜான். பின்னாளில் துனுவா பிரபு என்று பெயர் பெற்றவர்.

பட்டம் ஒருவருடையது, பாடுபட்டவர்கள் வேறு பேர். ஐந்து நூற்றாண்டுக்கு மேல் நீளும் இந்தப் பட்டத்தின் கதையைப் பின்தொடர்ந்து போனால் இது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

*

பிரெஞ்சு அரச குடும்பத்தில் மூத்தவனுக்கு நாடு. இளையவனுக்கு என்ன? அவனைச் சும்மா விடவும் முடியாது, அதிகம் கொடுக்கவும் பயம். ஆகவே கொஞ்சம் நிலம், அதன் வருமானம், அதோடு ஒரு பட்டம். ஆண் வாரிசு அற்றுப்போனால் நிலம் மறுபடி அரசனுக்கே திரும்பிவிடும் என்பது நிபந்தனை. ஓர்லியான் டியூக் பட்டம் இந்த ஏற்பாட்டில் பிறந்தது. 1344ல் ஆறாம் பிலிப் மன்னர் தம் இளைய மகனுக்கு இதை முதன்முதலாகக் கொடுத்தார். பையனுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. அவர் 1375ல் முறையான வாரிசு இல்லாமல் இறக்க, சொன்னபடி நிலம் திரும்பிப் போனது.

1392ல் ஆறாம் சார்ல் மன்னர் தம் தம்பி லூயிக்கு இதே பட்டத்தைக் கொடுத்தார். அதே ஆண்டு கோடையில் மன்னருக்குச் சித்தம் கலங்கியது. அண்ணன் அரியணையில் இருக்கிறார், ஆனால் ஆளும் நிலையில் இல்லை. தம்பிக்கும் ஒன்றுவிட்ட உறவான பர்கண்டி டியூக்குக்கும் அதிகாரப் போட்டி முற்றியது.

பாரிஸின் மரே பகுதியில் ஃபிரான் புர்ஷுவா தெருவை ஒட்டி ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. கல் பாவிய தரை. இரு பக்க வீடுகளின் மேல்மாடிகள் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பதால் பகலிலும் அரைவெளிச்சம்தான். சுற்றிலும் துணிக்கடைகள், பைகளோடு நடக்கும் கூட்டம் இந்தச் சந்தை எட்டிப் பார்ப்பதில்லை. லூயி வெட்டுண்டு விழுந்த இடம் இதற்கு அருகில் என்று ஊர் வழக்கு சொல்கிறது. 1407 நவம்பர் 23 இரவு, அரசியைப் பார்த்துவிட்டுச் சில ஆட்களுடன் திரும்பிக்கொண்டிருந்தார். இருட்டில் காத்திருந்தவர்கள் பாய்ந்தார்கள். அவருடைய கையையும் வெட்டிப் போட்டார்கள். ஏவியவர் பர்கண்டி டியூக் ஜான். சில நாட்களிலேயே அவர் தாமே ஒப்புக்கொண்டார். தண்டனை எதுவும் வரவில்லை. லூயியின் மனைவி வாலன்தீன் நீதி கேட்டு அரசவைக்கு நடந்தாள். கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் ப்ளுவா கோட்டையில் இறந்துபோனாள். லூயி இறந்ததுமே பட்டம் மகன் சார்லுக்கு வந்திருந்தது. அவருக்கு அப்போதுதான் பதின்மூன்று வயது நிறைந்திருந்தது.

*

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி பாதுகாக்கப்படுகிறது. சார்ல் எழுதிய கவிதைகளின் தொகுப்பு; அவர் இறந்து சில பத்தாண்டுகளுக்குப் பிறகு உருவானது. அதிலுள்ள ஓர் ஓவியத்தை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். லண்டன் கோபுரம், வெள்ளை வெளேரென்று. பின்னால் வீடுகளைச் சுமந்த லண்டன் பாலம், தேம்ஸில் கப்பல்கள். கோபுரத்தின் சுவரைத் திறந்து காட்டியதுபோல உள்ளே ஓர் அறை. அங்கே காவலர்கள் சூழச் சார்ல் உட்கார்ந்து எழுதுகிறார். அதே படத்தில், அதே சார்ல், மேலே சாளரத்தில் முழங்கை ஊன்றி வெளியே பார்க்கிறார். அதே சார்ல் கீழே முற்றத்தில் வந்தவரை வரவேற்கிறார். அதே சார்ல் குதிரையேறிக் கிளம்புகிறார். ஓவியன் காலத்தை மடித்து ஒரே சட்டத்துக்குள் வைத்துவிட்டான்.

1415 அக்டோபர் 25, அஜின்கோர்ட் போர்க்களம். பிணக்குவியலுக்கு அடியிலிருந்து சார்லை ஆங்கிலேயர் உயிரோடு இழுத்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு இருபது வயது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அவர் ஊர் திரும்பவில்லை. சிறை என்றால் எப்போதும் இந்தக் கோபுரம் அல்ல. கோட்டை மாற்றிக் கோட்டை, காவலர் மாற்றிக் காவலர். புத்தகம் உண்டு, பணியாள் உண்டு, வெளியேற வழி மட்டும் கிடையாது. அரசவாரிசு வரிசையில் மிக அருகில் இருந்த ஒருவரை எதிரி எளிதில் விடுவானா? அந்த ஆண்டுகளில்தான் அவர் கவிஞரானார். பிரெஞ்சில் எழுதினார். அவருடையவை என்று கருதப்படும் ஆங்கிலக் கவிதைகளும் உண்டு.

1440ல் விடுதலை வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் பர்கண்டியின் புதிய டியூக், அதாவது தந்தையைக் கொல்லச் சொன்னவரின் மகன். அந்தக் குடும்பத்தின் உறவுப்பெண்ணையே சார்ல் மணந்தார். ப்ளுவாவில் வந்து அமர்ந்து, கவிஞர்களைச் சேர்த்துக்கொண்டு, எழுதிக்கொண்டே மூப்படைந்தார். 1465 தொடக்கத்தில் இறந்தார். அவருடைய மகன் 1498ல் பன்னிரண்டாம் லூயி என்ற பெயரில் அரசனானார்; பட்டம் கிரீடத்துக்குள் கரைந்தது. பிறகு மறுபடி இளைய பிள்ளைகளுக்காக வெளியே வந்தது.

அப்படி வந்த ஒரு காலத்தில்தான் அது கடல் கடந்தது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே கிடக்கும் தீவில் காட்டுத் திராட்சை படர்ந்திருப்பதைக் கண்ட கடலோடி ழாக் கார்த்தியே, முதலில் மதுக்கடவுளின் பெயரை வைத்தார். விரைவிலேயே அதை மாற்றி அன்றைய ஓர்லியான் டியூக்கின் பெயரை இட்டார். கியூபெக் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தத் தீவுக்கு இன்றும் அதே பெயர். டியூக் அந்தத் தீவை ஒருநாளும் பார்த்ததில்லை.

*

ப்ளுவா கோட்டையின் முற்றத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் வலப்பக்கம் திரும்புகிறார்கள். அங்கேதான் முதலாம் பிரான்சுவாவின் புகழ்பெற்ற திருகு மாடிப்படி இருக்கிறது. செல்போன்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் உயர்கின்றன. நேர் எதிரே இன்னொரு கட்டடம். நேர்கோடுகள், தூண் வரிசை, அளந்து வைத்ததுபோல் சாளரங்கள். கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சார் 1635ல் தொடங்கியது. கட்டச் சொன்னவர் பதின்மூன்றாம் லூயியின் தம்பி காஸ்தோன், ஓர்லியான் டியூக்.

அண்ணனுக்குத் திருமணமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் குழந்தை இல்லை. அடுத்த அரசன் காஸ்தோன்தான் என்று நாடே நினைத்தது, அவரும் நினைத்தார். அந்த நினைப்பின் அளவுக்கு இந்த மாளிகை எழுந்தது. 1638 செப்டம்பரில் அரசிக்கு ஆண் குழந்தை பிறந்தது, பின்னாளின் பதினான்காம் லூயி. பணம் நின்றது. வேலையும் நின்றது. காஸ்தோன் இந்தக் கட்டடத்தில் குடியேறவே இல்லை. படிக்கட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே குவிமாடத்தின் வெளிச்சம் மட்டும் இறங்குகிறது. யாரும் அங்கே நெடுநேரம் நிற்பதில்லை.

காஸ்தோன் அமைச்சர் ரிஷ்லியுவுக்கு எதிராகப் பலமுறை கிளர்ச்சி செய்தவர். ஒவ்வொரு முறையும் கூட்டாளிகளின் தலை உருண்டது: 1632ல் மோன்மொரான்சி டியூக், 1642ல் இளைஞன் சேன்மார். காஸ்தோன் ஒவ்வொரு முறையும் மன்னிக்கப்பட்டார். அரசனின் தம்பி என்பதற்காகக் கிடைத்த அந்த மன்னிப்பின் விலையைப் பிறர் கொடுத்தார்கள். இந்த வரலாற்றில் என் மனம் ஒப்பாத இடம் இது.

1660ல் காஸ்தோன் இறந்ததும் பட்டம் பதினான்காம் லூயியின் தம்பி பிலிப்புக்குப் போனது. முந்தைய தலைமுறையின் கிளர்ச்சிகளைப் பார்த்த அரசவை, இந்தத் தம்பியை நகைகளிலும் உடைகளிலும் விருந்துகளிலும் மூழ்க விட்டது. ஆனாலும் 1677ல் கசெல் போரில் படை நடத்தி அவர் தெளிவான வெற்றி பெற்றார். பாரிஸ் அவரைக் கொண்டாடியது. அதன்பின் அண்ணன் அவருக்குப் படைத் தலைமை கொடுக்கவில்லை. கலைக்கு அவர் செய்த ஒரு நன்மையைச் சொல்லாமல் விடக்கூடாது. நாடோடியாகச் சுற்றிவிட்டு 1658ல் பாரிஸுக்கு வந்த மோலியேரின் நாடகக் குழுவுக்கு முதலில் ஆதரவுப் பெயர் தந்தவர் அவர்தான்.

*

அவருடைய மகனும் பிலிப். 1715ல் பதினான்காம் லூயி இறந்தபோது அரியணைக்கு உரிய கொள்ளுப்பேரனுக்கு ஐந்து வயது. பையன் வளரும்வரை நாட்டை ஆளும் பொறுப்பு இந்த ஓர்லியான் டியூக்கிடம் வந்தது. எட்டு ஆண்டுகள், முடியில்லாத அரசர்.

சென்னைக்கும் இந்தப் பட்டத்துக்கும் உள்ள தொடர்பு இவர் காலத்தில்தான். கிருஷ்ணை ஆற்றங்கரையில் கொல்லூர்ச் சுரங்கங்கள். கோல்கொண்டா வைரங்கள் என்று உலகம் அறிந்தவை பல அங்கே கிடைத்தவை. அங்கிருந்து வந்த பெரிய கல் ஒன்றை, சுமார் 410 காரட், எடுத்துக்கொண்டு ஜாம்சந்த் என்ற வியாபாரி 1701ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார். அப்போதைய ஆளுநர் தாமஸ் பிட். வியாபாரி கேட்டது இரண்டு லட்சம் வராகன். பேரம் நீண்டது. போவதும் வருவதுமாக இருந்து, கடைசியில் 48,000 வராகனுக்கு முடிந்தது. கல் லண்டனுக்குப் போய், இரண்டு ஆண்டுக்கு மேல் பட்டை தீட்டப்பட்டு, 140 காரட்டுக்குச் சற்று அதிகமாக நின்றது. வாங்க ஆளில்லாமல் பல ஆண்டுகள் கிடந்தது. 1717ல் ஓர்லியான் டியூக் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் பவுனுக்குப் பிரெஞ்சு அரசுக்காக வாங்கினார். அன்று முதல் அதற்கு 'ரீஜென்ட்' என்று பெயர். ஆட்சிப் பொறுப்பாளர் என்ற அவர் பதவியின் பெயர்.

லூவ்ர் அருங்காட்சியகத்தின் அப்போலோ மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். அரையடி நகர்ந்தால் உள்ளே நீலம், இன்னும் நகர்ந்தால் சிவப்பின் கீற்று. பெட்டிக்கு முன்னால் வந்தவர்கள் தங்களை அறியாமல் இப்படியும் அப்படியும் தலையை அசைத்தார்கள். 1722ல் பதினைந்தாம் லூயியின் கிரீடத்தில் இருந்தது. 1792ல் திருடு போய், மறு ஆண்டு பாரிஸில் ஒரு பரணில் அகப்பட்டது. நெப்போலியனின் வாள்பிடியில் ஏறியது. 1887ல் குடியரசு அரச நகைகளை ஏலம் விட்டபோது விற்க மனம் வராமல் வைத்துக்கொண்ட சிலவற்றுள் இதுவும் ஒன்று. 2025 அக்டோபரில் அந்த மண்டபத்தில் நடந்த கொள்ளையிலும் இது தப்பிவிட்டது. கொல்லூரில் இந்தக் கல்லை மண்ணிலிருந்து பிரித்த கை யாருடையது என்பதற்கு மட்டும் பெயர்ப் பலகை இல்லை. அந்தக் கையை நினைக்காமல் இந்த ஒளியைப் பார்ப்பது நியாயம் ஆகாது.

அதே டியூக்கின் ஆட்சியில், 1718ல், மிசிசிபி ஆற்றின் வளைவில் சதுப்பு நிலத்தைத் திருத்தி ஒரு ஊரை அமைத்தார்கள். பெயர் புதிய ஓர்லியான். இன்று உலகம் அறியும் நியூ ஓர்லியன்ஸ். பழைய பகுதியின் தெருக்கள் ஓர் அரச குடும்பத்தின் உறவுப் பட்டியல்போல இருக்கின்றன: ஓர்லியன்ஸ், புர்போன், பர்கண்டி, துலூஸ், கோன்டி. ஓர்லியான் டியூக்கின் மூத்த மகனுக்கு வழங்கும் பட்டமான ஷார்த்ருவும் ஒரு தெருவாகத் தேவாலயத்துக்கு முன்னால் ஓடுகிறது. தேவாலயத்தின் பின்பக்கத்துத் தோட்டத்தோடு ஓர்லியன்ஸ் தெரு வந்து முட்டுகிறது. அந்தத் தோட்டத்தில் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் வெள்ளை ஏசு சிலை. 2005ல் கத்ரீனா புயல் அதன் விரல்களை ஒடித்தது. இந்தத் தெருக்களில் உழைத்தவர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்களின் பிள்ளைகள் சேர்ந்துதான் ஜாஸ் இசையை உலகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று ஊர்ப் பெயரைக் கேட்டால் நினைவுக்கு வருவது அந்த இசை.

*

பாரிஸில் லூவ்ருக்கு எதிரே, வாகன இரைச்சலை ஒரு வளைவுக்குள் விட்டுவிட்டு நுழைந்தால், பலே ருவாயால். ரிஷ்லியு தமக்காகக் கட்டியது. காஸ்தோனின் பகைவருடைய அந்த வீடு காலப்போக்கில் ஓர்லியான் குடும்பத்தின் வீடானது. உள்முற்றத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட பளிங்குத் தூண்கள், பல உயரங்களில், மொத்தம் 260. கலைஞர் தானியேல் புரேன் 1986ல் நிறுவியவை. குட்டைத் தூணிலிருந்து குட்டைத் தூணுக்கு ஒரு சிறுமி தாவுகிறாள். அவளுடைய பாட்டி கையில் கம்பளிச் சட்டையுடன் காத்திருக்கிறார். அப்பால் தோட்டம், கத்தரித்து நிறுத்திய லிண்டன் மர வரிசைகள், நடுவே நீரூற்று. குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகளில் மதிய உணவை முடித்த அலுவலர்கள் முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக் கண்மூடியிருக்கிறார்கள்.

தோட்டத்தை மூன்று பக்கமும் சூழ்ந்த வளைவுக் கூடங்களைக் கட்டியவர் கடன் சுமையில் இருந்த லூயி பிலிப் ஜோசப். 1785 முதல் ஓர்லியான் டியூக். 1780களின் தொடக்கத்தில் அவர் தோட்டத்தின் ஓரங்களை வெட்டி, கடைகளும் வீடுகளும் எழுப்பி வாடகைக்கு விட்டார். அரச ரத்தம் கடை வாடகை வாங்குகிறது என்று கேலி பேசினார்கள். ஆனால் டியூக்கின் வீடு என்பதால் காவல்துறை இங்கே எளிதில் கால்வைக்க முடியாது. புத்தகம், காபி, சூதாட்டம், அரசியல் எல்லாம் இங்கே திரண்டன. 1789 ஜூலை 12ஆம் நாள் இதே தோட்டத்தில் காமீய் தெமூலேன் என்ற இளம் வழக்கறிஞர் காபிக் கடை மேசைமேல் ஏறிக் கூட்டத்தை ஆயுதம் ஏந்த அழைத்தார். பச்சை இலைகளை அடையாளமாகச் செருகிக்கொண்டு கூட்டம் புறப்பட்டது. அன்று ஊர்வலத்தில் தூக்கிச் சென்ற மெழுகுத் தலைகளில் ஒன்று ஓர்லியான் டியூக்குடையது. இரண்டு நாளில் பஸ்தீய் சிறை விழுந்தது.

டியூக் புரட்சியோடு போனார். 1792ல் பட்டத்தைத் துறந்து பிலிப் எகாலித்தே, சமத்துவ பிலிப், என்று பெயர் வைத்துக்கொண்டார். 1793 ஜனவரியில், தன் உறவினரான பதினாறாம் லூயியைக் கொல்ல வேண்டுமா என்ற வாக்கெடுப்பில், வேண்டும் என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர்களே அதிர்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் அவருடைய தலையும் கில்லட்டினில் விழுந்தது.

தோட்டத்துக்கு வெளியே மூன்று பக்கமும் மூன்று தெருக்கள். நீல நிறப் பலகைகளில் வலுவா, மோன்பான்சியே, போஜொலே. அவை டியூக்கின் மூன்று பையன்கள் அன்று சூடியிருந்த பட்டங்கள். கூடம் கட்டும்போது தெருக்களுக்குப் பிள்ளைகளின் பெயரை அப்பா வைத்தார். மூத்தவன் வலுவா, அதாவது லூயி பிலிப், 1793ல் எதிரி நாட்டுக்குத் தப்பினான். சுவிட்சர்லாந்தில் வேறு பெயரில் பள்ளி ஆசிரியராகக் கணக்கும் புவியியலும் சொல்லிக்கொடுத்தான். மற்ற இருவரும் மார்செய் துறைமுகத்தில் சேன் ஜான் கோட்டையில் அடைபட்டார்கள். 1795ல் தப்பிக்க முயன்றபோது மோன்பான்சியே சுவரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். கடைக்குட்டி போஜொலே அதற்குள் வெளியேறிவிட்டிருந்தான். அண்ணன் பிடிபட்ட செய்தி தெரிந்ததும் தானாகவே சிறைக்குத் திரும்பி வந்தான். அவனுக்கு வயது பதினாறு. இந்தப் பட்டத்தைச் சுற்றி நடந்த சூழ்ச்சிகள் அத்தனையையும் தாண்டி என் நெஞ்சில் நிற்கிறவன் அந்தப் பையன்.

சகோதரர்கள் மூவரும் அமெரிக்காவில் சேர்ந்தார்கள். குதிரையிலும் படகிலும் உள்நாடெல்லாம் சுற்றி, 1798ல் மிசிசிபி வழியாக நியூ ஓர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். நகரம் அப்போது ஸ்பெயின் கையில். முன்னோரின் பட்டப்பெயரைச் சுமக்கும் ஊருக்குள் அந்தப் பட்டத்தின் உரிமையாளன் போக்கிடமற்ற அகதியாக நுழைந்தான். மோன்பான்சியே 1807ல் காசநோயில் இறந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் கிடக்கிறான். போஜொலே மறு ஆண்டு மால்டாவில் இறந்து வலெட்டாவின் புனித யோவான் தேவாலயத்தில் கிடக்கிறான். மூத்தவன் 1830ல் பிரெஞ்சு மக்களின் அரசனானான். நானூறு ஆண்டுக்கு மேல் அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்ற பட்டம் ஒரு புரட்சியின் தோளில் ஏறி மறுபடி அதில் அமர்ந்தது. 1848ல் இன்னொரு புரட்சி அவரை இறக்கியது. இங்கிலாந்தில் அகதியாகவே இறந்தார்.

*

லூயி பிலிப் அரசரானதும் பட்டம் மூத்த மகன் ஃபெர்தினானுக்குப் போனது. மக்களுக்குப் பிடித்தவர். 1842 ஜூலை 13ஆம் நாள், பெற்றோரிடம் விடைபெற நோய்யிக்குப் போகும் வழியில் வண்டிக் குதிரைகள் மிரண்டன. கீழே விழுந்தவரை வழியிலிருந்த மளிகைக் கடைக்குள் தூக்கிச் சென்றார்கள். அங்கேயே சில மணி நேரத்தில் உயிர் போனது. முப்பத்தொரு வயது.

பாரிஸுக்கு மேற்கே த்ரோ என்ற சிற்றூரின் குன்றின்மேல் குடும்பக் கல்லறைக் கோயில் இருக்கிறது. எகாலித்தேயின் மனைவி தொடங்கியது. ஃபெர்தினானின் பளிங்கு உருவம் அங்கே மல்லாந்து கிடக்கிறது. அவருடைய மனைவி எலேன் ஜெர்மானியப் பெண், புராட்டஸ்டன்ட் சமயத்தவர். கத்தோலிக்கக் கோயிலுக்குள் அவருக்கு இடமில்லை என்று, ஒட்டினாற்போல் தனி அறை கட்டி அதில் கிடத்தினார்கள். சிற்பி ஷாப்பூ அந்தப் பெண்ணின் உருவத்தைக் கணவன் பக்கம் லேசாகத் திரும்பியபடி செய்தார். நடுச்சுவரில் திறப்பு. அந்தத் திறப்பு வழியாக அவருடைய கை நீண்டு கணவன் கிடக்கும் இடத்தைத் தொட வருகிறது. விரல்கள் இறுக்கமாக இல்லை. தூக்கத்தில் கை பக்கத்துக்குப் போவதுபோல இயல்பாக இருக்கின்றன. வருகிறவர்கள் இங்கே வந்ததும் பேச்சைக் குறைக்கிறார்கள். விதியைப் போட்டவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. அந்தக் கையை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பெயரை வேண்டாம் என்று கழற்றிப் போட்ட ஊரும் உண்டு. அல்ஜீரியாவில் 1843ல் பிரெஞ்சுப் படை அமைத்த நகரத்துக்கு ஓர்லியான்வில் என்று பெயரிட்டார்கள். நாடு விடுதலை அடைந்ததும் அது எல் அஸ்னாம் ஆனது. 1980 அக்டோபர் நிலநடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்கியபின், ஷ்லெஃப் என்ற பெயருடன் மீண்டும் எழுந்தது. படை சூட்டிய பெயரை ஊரார் இறக்கி வைத்தது சரியான காரியம். மனம் ஒப்பிப் பெயரை வைத்துக்கொள்ளும் ஊரும், ஒப்பாமல் மாற்றிக்கொள்ளும் ஊரும் ஒரே உரிமையைத்தான் பயன்படுத்துகின்றன.

பலே ருவாயாலுக்குள்ளும், மனம் ஒப்பாததை மறுக்கும் அந்த உரிமை வேலை செய்கிறது. டியூக்குகள் வாழ்ந்த அந்த மாளிகையில் 1875 முதல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் அமர்கிறது. வேலை மறுக்கப்பட்ட ஊழியர், குடியுரிமை மறுக்கப்பட்ட அயலவர், ஆலைக்கு எதிரான கிராமம் என யாருடைய வழக்கும் அரசுக்கு எதிராக இங்கே வந்து சேரலாம். கால் முறிந்த அந்தப் பையனின் பெயரைத் தாங்கிய மோன்பான்சியே தெருவில் அரசியலமைப்பு மன்றம். 2010 முதல், வழக்கில் நிற்கும் எந்த மனிதரும் தமக்கு எதிராக நிற்கும் சட்டமே செல்லுமா என்ற கேள்வியை நீதிமன்றம் வழியாக இங்கே அனுப்ப முடியும்.

அரசனைக் கேள்வி கேட்க இந்தப் பட்டத்துக்காரர்களுக்கு வாள், சதி, நாட்டை விட்டு ஓட்டம், கடைசியில் ஒரு கொடிய வாக்கு ஆகியவைதான் வழியாக இருந்தன. அந்தக் கேள்வியை இப்போது அதே வீட்டில் ஒரு சாதாரண மனிதர் ஒரு தாளில் எழுதிக் கேட்கிறார். அதற்குக் காரணத்தோடு பதில் சொல்ல அரசு கடமைப்பட்டிருக்கிறது. இந்தப் பட்டத்தின் நீண்ட வரலாற்றில் மதிப்போடு நான் நினைத்துப் பார்ப்பது அந்த மனுதாரரைத்தான்.